மேளம் உடைந்த வழக்கைத் தேடியது

கோர்ட்டில் இப்போது புதிதாக ஒரு ஜன்னல் திறந்திருக்கிறார்களாம். அதன் தலையில் ‘விசாரணை’ என்று ஒரு பலகை தொங்குகிறதாம். பழைய சிவில் வழக்கின் கோப்பு வேண்டுமென்றால் அங்கே போய்க் கேட்டால் போதும், காகிதம் தானாக நடந்து வரும் என்று பழைய அலுவலக நண்பர் ஒருவர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் என்னை நிறுத்திச் சொன்னார். சந்தோஷம் என்றேன். ஜன்னல் இல்லாத காலத்திலேயே நான் ஏராளமான பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜன்னல் இருந்தால் இன்னும் சௌகரியம். வந்தவர்களுடைய கால்களைப் பார்க்க வேண்டியதில்லை.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேனே தவிர உட்கார முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்த வியாதி இது. காலை பத்து மணியானால் கால்கள் ஆற்றோரத்துக் கோர்ட்டுக் கட்டடத்தை நோக்கி நடக்கப் பார்க்கின்றன. அங்கே எனக்கு இப்போது நாற்காலி இல்லை என்று அவற்றுக்கு எடுத்துச் சொல்லியும் பயனில்லை. போய் அந்த ஜன்னலைப் பார்த்தேன். உள்ளே இருந்த இளைஞர் என்னிடமும் வழக்கு எண் கேட்டார். எண் இல்லையென்றால் தேட முடியாது என்றார். பலகை புதியது, பதில் என்னுடையது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிள்ளானில் மிஷன் பள்ளியில் படித்தேன். லத்தீன் கூடக் கொஞ்சம் கற்றுக் கொடுத்தார்கள். கோப்பு தேடுவதற்கு அது ஒருபோதும் உதவவில்லை. வேலையில் சேர்ந்து முதல் இரண்டு வருஷம் தீர்ப்பு நகல் எடுத்தேன். அடுத்த வருஷம் மனுக்களில் கட்டண முத்திரைத் தலைகளை ஒட்டினேன். பிறகு ஆவண அறைக் கிராணி, அதாவது குமாஸ்தா, ஆனேன். அங்கேயே என் தலை நரைத்தது.

ஆவண அறையைப் பற்றி வெளியாருக்கு ஒரு கற்பனை உண்டு. பெயரைச் சொன்னால் கோப்பு வரும் என்று. உண்மையில் எங்களிடம் பெயர் அகராதி ஒன்று இருந்தது. அதில் வழக்குப் போட்டவன் பெயர் மட்டும் இருக்கும். வழக்கு போடப்பட்டவன் பெயர் இருக்காது. அவன் ஜெயித்திருந்தாலும் சரி, தோற்றிருந்தாலும் சரி, எங்கள் அலமாரியைப் பொறுத்தவரை அவன் பிறக்கவே இல்லை. கோப்புகளை அடுக்கியதோ வழக்கு தொடுத்த வருஷப்படி அல்ல, முடிந்த வருஷப்படி. கிள்ளான் மளிகைக் கடைக்காரர் ஒருவர் தன் பாதைத் தகராறு வழக்கைத் தேடி மூன்று மாதம் ரயிலேறி வந்தார். தொடுத்த வருஷத்தைச் சரியாகத்தான் சொன்னார். நாங்களும் அந்த வருஷ அலமாரியில் ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் தேடி, ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தோம். வழக்கு நான்கு வருஷம் இழுத்தது என்று அவர் தற்செயலாகப் புலம்பிய அன்றுதான் கோப்பு கிடைத்தது. அதற்கு அவர் எனக்கு நன்றி சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை.

தேடுதல் மனுவில் மூன்று கட்டங்கள்: வழக்குப் போட்டவர் பெயர், வழக்கு எண், ஆண்டு. இந்த மூன்றும் தெரிந்தவனிடம் பெரும்பாலும் கோப்பின் நகலும் இருக்கும். தெரியாதவனுக்குத்தான் கோப்பு தேவை. விதியை எழுதியவர் இதைக் கவனித்தாரோ இல்லையோ, நான் கவனித்தேன். கவனித்துவிட்டு ரப்பர் முத்திரையைக் குத்தினேன்.

எங்களுக்கு மேலே பெரிய கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை டிரில் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, எந்த வெயிலிலும் வியர்க்காமல் இருப்பார். வெளியே போகும் ஒவ்வொரு காகிதத்தையும் நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்தால் கண்கள் சோம்பல்படும் என்பார். மேசையில் ஓர் உருளை ரூலர், ஒரு சிவப்பு மைக்கூடு. கேட்டதற்கு மேல் ஒரு சொல் இருந்தாலும் அதன் மேல் ரூலரை வைத்து ஒரே ஒரு கோடு இழுப்பார். பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போடுவார். சுரண்டி அழிப்பதையும் கிறுக்கி மறைப்பதையும் அவர் அடியோடு வெறுத்தார். “கோர்ட்டுக் காகிதத்திலை எதையும் மறைக்கிறதில்லை காணும். அடிச்சது தெரியவேணும். அடிச்சவர் ஆர் எண்டும் தெரியவேணும்.” ஆனால் சிவப்புக் கோடு விழுந்த காகிதம் வாசலைத் தாண்டக்கூடாது என்பதும் அவருடைய விதிதான். அதைப் பார்த்து நல்ல பிரதி ஒன்று எழுதி, அதைத்தான் வெளியே அனுப்ப வேண்டும். ஒரு கமாவுக்காக நான் நான்கு பிரதி எழுதிய நாள் உண்டு.

இனி அந்த வழக்கு.

ஒருநாள் முற்பகல், ஆவண அறை வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. சாலாக் செலாத்தான் என்ற ஊரில் இரண்டு மாடு வைத்துப் பால் விற்பவள் என்று பிறகு தெரிந்தது. கையில் ஒரு வக்கீல் கொடுத்தனுப்பிய தேடுதல் மனு. மூன்று கட்டங்களில் ஒன்றில்தான் எழுத்து இருந்தது: ‘மேளக்காரர்.’

“பேரு என்னம்மா?”

“அஞ்சலைங்கய்யா.”

“உங்க பேரு இல்ல. கேஸ் போட்டவரு பேரு.”

“அதான் எழுதியிருக்குங்களே. மேளக்காரரு.”

“மேளக்காரருக்கு அப்பா அம்மா பேரு வெக்கலையா?”

“வெச்சிருப்பாங்க. கல்யாணப் பொண்ணு மேளக்காரர்கிட்டப் போயி பேரு கேட்டுக்கிட்டா இருப்பா?”

“நம்பர்?”

“நம்பர் தெரிஞ்சா நான் எதுக்குய்யா இத்தன படி ஏறி வரேன்?”

நான் மனுவை மடித்து அவள் கையில் கொடுத்தேன். முழுவதும் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னேன். அவள் போகவில்லை. கீழே படிக்கட்டின் அடியில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் பால் கறக்கும் நேரத்துக்குத்தான் எழுந்து போனாள். மறுநாளும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். சாப்பிட இறங்கும்போது அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டாவது நாள் தாண்ட முடியவில்லை. என்ன கேஸ் என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவள் புருஷன் கோவிந்தன் ரயில்வேயில் சுத்தியல் அடித்தவர். நான்கு மாதத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டார். பத்து வயதில் ஒரு பெண் குழந்தை. கோவிந்தனின் அண்ணன் மாணிக்கம் அம்பாங்கில் கடை வைத்திருந்தவர். அவர் இப்போது அந்தக் குழந்தைக்குத் தன்னைக் கார்டியனாக நியமிக்கக் கோரி எங்கள் கோர்ட்டிலேயே மனுப் போட்டிருந்தார். குழந்தையை ஊருக்குக் கூட்டிப்போய் தன் மனைவி வீட்டில் கட்டிக் கொடுப்பது அவர் திட்டம். கப்பலுக்குச் சீட்டும் எடுத்தாயிற்று. கோர்ட்டில் அவர் சொன்னது இது: தம்பிக்கும் இவளுக்கும் கிள்ளானில் ஒரு சின்ன அம்மன் கோவிலில் கல்யாணம் ஏற்பாடானது உண்மை. ஆனால் தாலி கட்டும் முன்பே சண்டை மூண்டது, மேளம் உடைந்தது, கூட்டம் கலைந்தது. தாலி ஏறவே இல்லை. கல்யாணமில்லாமல் ஒருவனுடன் குடித்தனம் நடத்தியவள் பெண்பிள்ளையை வளர்க்கத் தகுதியற்றவள். இதற்கு மூன்று சாட்சிகள் வேறு. மூவரும் பொய் சொல்லவில்லை. கெட்டிமேளம் நடுவில் நின்றதும் அபசகுனம் என்று அவர்கள் ஓடிவிட்டார்கள். தாலி ஏறியதை அவர்கள் பார்க்கவில்லை.

“மேளத்த ஒடச்சது யாரு?”

“அவருதான்யா, எங்க மச்சாண்டாரு. அவரு கொழுந்தியாளக் கட்டச் சொன்னாரு, எங்க வீட்டுக்காரரு கேக்கல. அந்த ஆத்தரத்துல தவுல எட்டி ஒதச்சிட்டாரு. மேளக்காரரு கிள்ளான் கோர்ட்டுல அவரு மேல கேஸ் போட்டாரு. எங்க வீட்டுக்காரரையும் சாட்சிக்குக் கூப்புட்டாங்க. அவரு அங்க கல்யாணத்தப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருப்பாருன்னு எங்க லாயரு நெனைக்கிறாரு.”

“கோயில் பண்டாரம்?”

“செத்துட்டாரு.”

“உங்க அப்பா அம்மா?”

“எல்லாரும் செத்துட்டாங்கய்யா. அந்தக் காயிதம் ஒண்ணுதான் பாக்கி. திங்கக்கெழம வாய்தா.”

அன்று புதன்.

நான் சாப்பிடப் போகவில்லை. கிள்ளான் சிறு வழக்குகளின் பதிவேடுகள் சில வருஷத்துக்கு ஒருமுறை எங்களிடம் வந்து சேரும். புருஷன் கோர்ட்டுக்குப் போன அன்று தான் முழுகாமல் இருந்ததாக அஞ்சலை சொன்னாள். குழந்தைக்கு வயது பத்து. ஆக, எந்த இரண்டு பதிவேடு என்பது தெரிந்துவிட்டது. பெயர் வரிசையை விட்டுவிட்டு, ‘வழக்கின் தன்மை’ என்ற கட்டத்தை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே இறங்கினேன். வியாழக்கிழமை பகலில் விரல் நின்றது. ‘வாத்தியத்துக்குச் சேதம்.’ எதிராளி மாணிக்கம். வழக்கு தள்ளுபடி. விசாரணைத் தேதி இருந்தது. வரிசையின் கடைசிக் கட்டத்தில், சென்ற வருஷத் தேதியோடு ஒரு குறிப்பு: அழிக்கப்பட்டது. பக்கத்தில் இரண்டு எழுத்து. என் எழுத்து.

சிறு வழக்குகளின் வாக்குமூலங்களைக் குறிப்பிட்ட காலம் கழிந்ததும் பட்டியலிட்டு எரிக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே முடித்து, கட்டடத்தின் பின்புறம் நானே நின்று எரித்தேன். ஒரு காகிதமும் பறந்துபோகவில்லை. பெரிய கிராணி வந்து சாம்பலைப் பார்த்து “ம்” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. வெட்கமில்லாமல் வீட்டில் போய்ச் சொன்னேன்.

அஞ்சலையிடம் இதைச் சொல்லவில்லை. படிக்கட்டில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். “தேடிக்கிட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டுத் தாண்டினேன்.

வெள்ளிக்கிழமைதான் மாஜிஸ்திரேட்டுகளின் நோட்டுப் புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. சாட்சி பேசப் பேச துரை தன் கையால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். அதைப் பார்த்து எடுத்த பிரதிதான் கோப்புக்குப் போகும். துரை மாற்றலாகிப் போனதும் அந்த நோட்டுகள் எங்கள் உச்சி அலமாரிக்கு வரும். அவை ஆவணம் அல்ல, துரையின் குறிப்பு. ஆகவே அழிக்கும் பட்டியலிலும் இல்லை, பொதுமக்கள் பார்க்கக்கூடியவற்றின் பட்டியலிலும் இல்லை. இருப்பதாக வெளியே மூச்சுவிட்டாலும் வேலை போகும். விசாரணைத் தேதியை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். பக்கம் ஏணியின் மேலேயே கிடைத்தது. இங்கிலீஷில் நான்கு வரி. தமிழில் சொன்னால் இப்படி: ‘கோவிந்தன். நான்தான் மாப்பிள்ளை. எதிராளி என் அண்ணன். மேளம் நின்றது கேட்டது. தாலி கட்டி முடிக்கும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. உடைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது.’

ஏணியிலிருந்து இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தம்பி இப்படிச் சொன்னதால்தான் அண்ணன் அன்று தப்பினார். அதே வாக்கியம் இன்று அண்ணனைத் தோற்கடிக்கும், யாராவது அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனால்.

கொண்டுபோக ஒரே வழிதான் இருந்தது. தன் கோர்ட்டின் காவலில் உள்ள எந்தக் காகிதத்தையும் ஜட்ஜ் வரவழைக்கலாம். ஆனால் அப்படி ஒன்று இருப்பது ஜட்ஜுக்குத் தெரிய வேண்டும். யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவன் வாயைத் திறக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை மிச்சப் பொழுது முழுவதும் எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னலருகே போனேன், திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை காலையில் அஞ்சலையிடமிருந்து மனுவை வாங்கி, காலியான கட்டங்களைப் பதிவேட்டைப் பார்த்து நானே நிரப்பி, பதில் எழுதினேன். வழக்கமான பதில்: ‘கேட்ட கோப்பு இல்லை.’ அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். ‘கோப்பு பட்டியலின்படி அழிக்கப்பட்டது, ஆனால் அதே விசாரணையைப் பற்றிய மாஜிஸ்திரேட்டின் நோட்டுப் புத்தகம் இந்த அலுவலகத்தின் காவலில் உள்ளது.’ நோட்டின் எண்ணையும் பக்கத்தையும் போட்டேன். கையெழுத்திட்டு, பெரிய கிராணியின் மேசையில் வைத்தேன்.

அவர் எழுந்து நின்றார். படித்தார். மறுபடியும் படித்தார்.

“இது என்ன காணும்?”

“தேடுதல் மனுவுக்குப் பதில் ஐயா.”

“இல்லை எண்டு எழுதினால் காணாதோ?”

“காணாது ஐயா.”

“கோப்பு இருக்கோ இல்லையோ எண்டுதானே கேட்டிருக்கினம்? மிச்சத்தை உம்மட்டை ஆர் கேட்டது?”

“யாரும் கேட்கலை ஐயா. கேட்கத் தெரியாது அவங்களுக்கு.”

“கேட்கத் தெரியாதவைக்கெல்லாம் நீர் மறுமொழி சொல்ல வெளிக்கிட்டால், தெரிஞ்சவைக்கு ஆர் சொல்லுறது?”

அவர் ரூலரை எடுத்தார். நான் சேர்த்த வரியின் மேல் வைத்தார். சிவப்பு மையைத் தொட்டு, இடமிருந்து வலமாக ஒரே கோடு. பக்கத்தில் தன் முதலெழுத்துகளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டார். மையை ஒற்றினார். கோட்டுக்கு அடியில் என் எழுத்துகள் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தன. எண், பக்கம் உட்பட. நல்ல பிரதி எழுதுவதற்காக நான் காகிதத்தின் மேல் கையை வைத்தேன்.

“என்ன செய்யப் போறீர்?”

“நல்ல பிரதி எழுதணுமே ஐயா.”

“நேரமில்லை. இப்பிடியே குடும்.”

“சிவப்புக் கோட்டோடயா ஐயா?”

“இப்பிடியே குடும் எண்டனான்.”

கடிகாரத்தில் பதினொன்றேகால். அலுவலகம் மூடுவது ஒரு மணிக்கு. அந்தச் சில வரிகளை நான் இருபது தடவை பிரதி எடுத்திருக்கலாம். காகிதத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி அஞ்சலையிடம் கொடுத்தேன். நேராக வக்கீலிடம் போகச் சொன்னேன்.

“இருக்குங்களாய்யா?”

“லாயர்கிட்ட குடுங்க. அடிச்சிருக்கிற வரியையும் படிக்கச் சொல்லுங்க.”

திங்கட்கிழமை பத்தரைக்கு ஜட்ஜிடமிருந்து சேவகன் வந்தான். பெரிய கிராணி என்னை அனுப்பவில்லை. தானே நோட்டை உறையிலிட்டு, கோட்டுப் பொத்தான்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனார். எதிர்த்தரப்பு வக்கீல் அது ஆவணமே அல்ல என்று அரைமணி நேரம் வாதாடினாராம். அடித்துவிட்ட வரியை எப்படிப் படிக்கலாம் என்றும் கேட்டாராம். அடித்தவர் யார் என்று ஜட்ஜ் கேட்டதற்கு, “நான்தான், மை லார்ட். கேள்விக்கு அது பதிலில்லை. ஆனால் பொய்யுமில்லை” என்றாராம் பெரிய கிராணி. நோட்டு வாசிக்கப்பட்டது. மாணிக்கத்தின் மனு தள்ளுபடியானது. குழந்தை தாயிடமே இருந்தது.

பெரிய கிராணி திரும்பி வந்ததும் நோட்டை என்னிடம் நீட்டினார். “இருந்த இடத்திலை வையும்.” அவ்வளவுதான். நேரமில்லை என்று அவர் ஏன் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவர் ஓய்வுபெற்றுக் கப்பலேறிய அன்று கேட்கலாம் என்று துறைமுகம் வரை போனேன். அங்கே என் சட்டைக் காலர் மடங்கியிருப்பதைச் சொல்லித் திருத்தச் சொன்னார். கேட்கவில்லை.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் என்னை உட்காரவிடாமல் அலைக்கழிப்பது இதற்குப் பிறகு நடந்தது. அஞ்சலை இன்று உயிரோடு இல்லை, மாணிக்கமும் இல்லை. மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணமாகிவிட்டது. இனி இதைச் சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அஞ்சலை வந்தாள். இம்முறை மனு எதுவும் இல்லை.

“அன்னைக்கு கோர்ட்டுல எல்லாம் இங்கிலீசுலயே படிச்சாங்கய்யா. அவரு என்னதான் சொன்னாருன்னு ஒரு தடவ தமிழ்ல படிச்சுக் காட்டுறீங்களா?”

விதிப்படி முடியாது. ஏணியில் ஏறி நோட்டை எடுத்து வந்தேன். நான்கு வரியையும் தமிழில் சொன்னேன். ‘தாலி கட்டி முடிக்கும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை’ என்ற இடத்தில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நிறுத்தினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பொய்யிங்கய்யா.”

“எது?”

“திரும்பினாரு. மேளம் நின்னதும் சடக்குன்னு திரும்பிட்டாரு. அண்ணன் ஒதச்சத ரெண்டு கண்ணாலயும் பாத்தாரு. தாலியோட எந்திரிக்கவே போனாரு. நான்தான் மணிக்கட்டப் புடிச்சு இழுத்து ஒக்கார வெச்சேன். மொதல்ல இத முடிங்க, அப்பறம் போயி அடிச்சுக்குங்கன்னேன். அண்ணன் செயிலுக்குப் போயிருவாரோன்னு பயந்துகிட்டுதான் கோர்ட்டுல அப்படிச் சொன்னாரு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு சோறு திங்கல.”

ஜெயில் எங்கே வந்தது? அது சிவில் வழக்கு. யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் நோட்டை மூடினேன். சத்தியம் செய்து சொன்ன பொய் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து ஜட்ஜ் வரை சேர்த்தவன் நான். எழுந்து நின்றேன். வாசல் பக்கம் பார்த்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டேன்.

“ஆனா தாலி கட்டினாருல்ல?”

“கட்டினாரு. மொத முடிச்சு அவருதான் போட்டாரு.”

“மிச்ச ரெண்டும்?”

“அது நாத்தனா போடணும். அவ சண்டையப் பாத்துட்டு, புள்ளையத் தூக்கிக்கிட்டு தெருவுக்கே ஓடிட்டா.”

“அப்ப யாரு போட்டது?”

அஞ்சலை இரண்டு கைகளையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், தலையைக் குனிந்து, காற்றில் ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டுக் காட்டினாள்.

“நல்லா இறுக்கித்தான்யா போட்டேன்” என்றாள்.